ஒரே அணி, பேச்சுவார்த்தை கிடையாது: நீங்கள் கண்ட கால்பந்துப் பகைகள்

மான்செஸ்டர்வாசி:

படிப்புக்காக மான்செஸ்டரில் இருந்த காலம். 1999 மே 16, இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி நாள். ஓல்டு டிராஃபோர்டில் டாட்டனமோடு ஆட்டம். ஜெயித்தால் கோப்பை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. கோட்டைவிட்டால், ஒரே ஒரு புள்ளி பின்னால் நிற்கிற ஆர்சனல் தட்டிக்கொண்டு போய்விடலாம். டாட்டனமின் லெஸ் ஃபெர்டினாண்டு முதல் கோலைப் போட்டதும் அரங்கமே வாயடைத்துப் போயிற்று. இடைவேளைக்குச் சற்று முன்னால் பெக்காம் சமன் செய்தார்.

இடைவேளை முடிந்து அணி திரும்பி வந்தால் முன்வரிசை ஆட்டக்காரர் டெடி ஷெரிங்கமைக் காணோம், அவர் இடத்தில் ஆண்டி கோல் என்கிற இன்னொரு முன்வரிசைக்காரர் நிற்கிறார். வந்து சில நிமிடம்கூட ஆகவில்லை. கேரி நெவில் பின்னாலிருந்து தூக்கியடித்த பந்தை அடக்கி, கீப்பரின் தலைக்கு மேலாகச் செருகிவிட்டார். 2-1. லீக் முடிந்தது.

அன்று அது எனக்கு வெறும் ஆள்மாற்றம். அந்த இரண்டு பேருக்கும் ஆகாது என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டதுண்டு, அவ்வளவுதான். முழுக்கதை ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. 2010இல் பழைய அணித்தோழர் ஜான் டெர்ரிக்கு வேய்ன் பிரிட்ஜ் கை கொடுப்பாரா மாட்டாரா என்ற பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தபோது ஆண்டியே பத்திரிகையில் எழுதினார்.

1995 மார்ச், வெம்பிளி, உருகுவேயோடு ஆட்டம். இங்கிலாந்து சட்டையில் ஆண்டிக்கு அதுதான் முதல் நாள். வெளியே வருகிறவர் ஷெரிங்கம், உள்ளே போகிறவர் ஆண்டி. கோட்டருகே ஒரு கைகுலுக்கல், ‘நல்லா ஆடு’ என்று ஒரு வார்த்தை, இவ்வளவுதான் புதுப்பையன் எதிர்பார்த்தது. ஷெரிங்கம் கண்டுகொள்ளாமல் போய்விட்டார். இரண்டே வருடத்தில் யுனைடெட்டில் எரிக் கண்டோனா விலகிய இடத்துக்குப் பயிற்சியாளர் ஃபெர்குசன் கூட்டிவந்தது அதே ஷெரிங்கமை! அப்புறமும் ஒருமாதிரி ஓட்டியிருக்கிறார்கள். 1998இல் போல்ட்டனோடு ஆடும்போது வாங்கிய ஒரு கோலுக்கு ஷெரிங்கம் இவர்மேல் பழியைப் போட, அதோடு பேச்சு நின்றுவிட்டது. 1996இல் தன் காலை இரண்டு இடத்தில் உடைத்த நீல் ரடக்கோடு உட்கார்ந்து டீ குடித்தாலும் குடிப்பேன், ஷெரிங்கமோடு மாட்டேன் என்கிற அளவுக்கு எழுதியிருந்தார். இது ஆண்டி தரப்புக் கதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் முதல் ஆட்டம் ஆட வருகிற பையனுக்குக் கை கொடுக்காமல் போவது சின்னத்தனம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அதைப் படித்த கையோடு பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாஸில் பகை தெரியவே தெரியாது, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கிறார்கள். கோல் விழுந்த பிறகு யார் யாரை நோக்கி ஓடுகிறார் என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆண்டி முதலில் தேடுவது டுவைட் யார்க்கை.

உங்களுக்கும் இந்த மாதிரி பார்த்த, பட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பழைய ஸ்டாப்பர்:

அவர்கள் பேசாமலே ஒப்பேற்றியதற்கு யார்க்கும் ஒரு காரணம். 1998இல் அவர் வந்ததும் முதல் ஜோடி யார்க் - ஆண்டி என்றாகிவிட்டது. அந்த சீசனில் இருவரும் சேர்ந்து 53 கோல். ஷெரிங்கமும் சோல்ஷரும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வருவார்கள். அந்த சீசனில் பார்சலோனாவில் பயர்ன் மியூனிக்கோடு நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷெரிங்கம் 67ஆவது நிமிடத்தில் உள்ளே வந்தார், ஆண்டி 81இல் வெளியே போய்விட்டார். பகையாளிகள் சேர்ந்து நின்றது கால் மணி நேரம்கூட இல்லை. ஷெரிங்கம் சமன் செய்ததும் சோல்ஷர் ஜெயிக்க வைத்ததும் அதற்கு அப்புறம்.

முன்வரிசையில் பேசாமல் பிழைத்துக்கொள்ளலாம். பின்வரிசையில் நடக்காது சார். எங்கள் கம்பெனி அணியில் கீப்பருக்கும் எனக்குப் பக்கத்தில் ஆடியவருக்கும் தகராறு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லையாம்! இரண்டு பேருமே வட்டாரத்தில் பேர் வாங்கிய ஆட்டக்காரர்கள், யாரையும் உட்கார வைக்க முடியாது. கார்னர் வந்தால் கீப்பர் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டார். அவரும் குதிப்பார், இவரும் குதிப்பார், முழங்கை இடித்துக்கொள்ளும், பந்து அநாதையாக உருளும். கடைசியில் ‘கீப்பர் பால்!’, ‘நீ அடி!’ என்று இருவருக்கும் சேர்த்து நானே கத்த ஆரம்பித்தேன். அந்த வருடக் கோப்பை எங்களுக்குத்தான். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் எனக்குக் குரலே இருக்காது.

ரோமிலிருந்து:

நான் ரோமில் சமையலறை வேலையில் இருந்தபோது கூட வேலை செய்த முதியவர் ஒருவர், ரோம் நகரத்துக் கால்பந்து அணியான லாட்சியோவின் வெறியர். 1974இல் அந்த அணி முதன்முறையாக இத்தாலி சாம்பியன் ஆன கதையை வெங்காயம் உரித்தபடியே சொல்வார், கண்ணீர் எதற்கு வருகிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கினாலியாவும் வில்சனும் ஒரு கோஷ்டி, மார்ட்டினியும் ரே செக்கோனியும் எதிர்க்கோஷ்டி. உடைமாற்றும் அறையே இரண்டு. போதாததற்குத் துப்பாக்கிகள் வேறு. டோர் டி குயின்டோ மைதானத்தில் இந்தக் கோஷ்டிகள் மோதுகிற பயிற்சி ஆட்டத்தோடு ஒப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஓய்வு நாள் மாதிரி என்பார். பயிற்சியாளர் மாயெஸ்ட்ரெல்லி ஒருவர்தான் இரண்டு பக்கத்துக்கும் பொது மனிதர்.

மே 12ஆம் தேதி ஃபோஜாவோடு ஆட்டம். கினாலியா பெனால்டியில் ஒரு கோல், 1-0, அதோடு கோப்பை வந்துவிட்டது. அந்த சீசனில் அதிகக் கோல் போட்டவரும் அவரே, 24. ‘அவர்களுக்குள் நட்பு இருந்திருந்தால் இவ்வளவு மூர்க்கமாக ஆடியிருக்க மாட்டார்கள்’ என்பது முதியவரின் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. மாயெஸ்ட்ரெல்லி இல்லாமல் அதே பதினொரு பேரை வைத்து யாராவது ஜெயித்துக் காட்டட்டும் பார்க்கலாம்.

மான்செஸ்டர்வாசி:

பத்திரிகை வைக்காத சண்டைக்கு முன்னால் என் வெம்பிளிக் கதை தூசு! 2005 ஏப்ரலில் நியூகாசில் மைதானத்தில் லீ போயரும் கீரன் டயரும், ஒரே சட்டை போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சிவப்பு அட்டை வாங்கினார்களே, அதை நேரில் பார்த்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?