புதுப்பிப்பு: மஞ்சள் சுங்குடி குர்தாவுக்கு என்ன நகை? மாமல்லபுரம் போய் வந்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: பளிச்சென்ற மஞ்சள் மதுரைச் சுங்குடி குர்தா, நீல ஜீன்ஸ், பகல் முழுக்க மாமல்லபுரத்தில் சுற்றல். இதோடு பெரிய நகையும் போட்டால் ஓவராகிவிடுமா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "பெரிதாக ஒன்றே ஒன்று, அதுவும் முகத்துக்குப் பக்கத்தில்" என்ற யோசனைதான். கழுத்தை வெறுமையாக விட்டு, சிவப்பும் கறுப்புமான பெரிய டெரகோட்டா ஜிமிக்கி போட்டேன். துணியிலேயே வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருப்பதால் மாலையும் சேர்ந்திருந்தால் கண் எங்கே நிற்பதென்று தெரியாது. அர்ச்சுனன் தபசுப் பாறையின் சாம்பல் நிறத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் அப்படியொரு எடுப்பு!

ராணி பிங்க் துப்பட்டா சொன்னவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உச்சி வெயிலில் அதன் நிறம் கன்னத்திலும் முகவாயிலும் அடித்து, படங்களில் முகமே ஏதோ காய்ச்சல் மாதிரி சிவந்து தெரிந்தது. வெள்ளைப் பருத்தித் துப்பட்டாவுக்கு மாறியதும் சரியாகிவிட்டது. மாலை வெயிலுக்கு பிங்க் எடுபடலாம்.

எதிர்பாராதது, கையில் போட்டிருந்த அகலமான உலோகக் காப்பு. வெயிலில் சுட ஆரம்பித்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். மண் ஜிமிக்கி சுடவில்லை. ஆனால் கடற்கரைக் கோயில் பக்கம் வீசிய காற்றில் ஆடி ஆடிக் காது வலித்தது. ஜிமிக்கியைத் தலைமுடியோடு சேர்த்துப் பிடிக்கும் காது மாட்டல் இருந்தால் காது மடலில் இழுக்கும் எடை குறையும்.

அப்புறம், புதுச் சுங்குடியை முதலில் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசச் சொன்னீர்கள். செய்தேன். அவ்வளவு வியர்வையிலும் வெள்ளைத் துப்பட்டாவில் சாயம் ஒட்டவில்லை.