தமிழ்99-இல் ஊ, உ, ஒ மட்டும் விழமாட்டேங்குது: லேஅவுட் கோளாறா, கீபோர்டு கோளாறா?

கேள்வி
டெஸ்க்டாப், விண்டோஸ் 10, சாதா யூஎஸ்பி கீபோர்டு. விண்டோஸோடு வரும் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன். நேற்றிலிருந்து ஊ, உ, ஒ மூன்றும் வரவில்லை. ‘முருகன்’ அடித்தால் ‘மரகன்’, ‘குடம்’ அடித்தால் ‘கடம்’. மற்ற எழுத்தெல்லாம் சரி. லேஅவுட்டை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தும் பலனில்லை. போன வாரம் கீபோர்டு மேல் கொஞ்சம் டீ சிந்தியது, உடனே துடைத்தாச்சு.

பதில் 1
டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. டிரைவர் தானாக ஏறிக்கும்.

பதில் 2
டிரைவர் போனால் எல்லா கீயும் போகும், மூணு மட்டும் போகாது. ஃபில்டர் கீஸ் என்ற, சட்டெனத் தட்டும் கீயைக் கண்டுகொள்ளாத விண்டோஸ் வசதி தப்பித்தவறி ஆன் ஆனாலும் (வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் ஆகும்) மொத்த கீபோர்டும்தான் மந்தமாகும்.

தமிழை மறந்துட்டு கீயைப் பாருங்க சார். ஊ, உ, ஒ இருக்கிற இடம் ஆங்கிலத்தில் ஈ (E), டி (D), சி (C). மேலிருந்து கீழாக ஒரே சரிவில் இருக்கு. ஆங்கிலத்துக்கு மாற்றி, நோட்பேடில் அந்த மூணோடு எண் 3-ஐயும் அடிங்க. எஃப்3, எஃப்4-ஐயும் பாருங்க. நிறைய கீபோர்டில் அவையும் இதே கோட்டில்தான் வரும், மாடலுக்கு மாடல் மாறும். அப்புறம் விண்டோஸ் + கண்ட்ரோல் + ஓ (O) அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். அதில் மவுஸால் ஆங்கில ஈ-யைத் தட்டி எழுத்து விழுந்தால் விண்டோஸ் மேல் குற்றமில்லை.

கேட்டவர்
3 வரலை. எஃப்3-உம் வரலை. திரை கீபோர்டில் எல்லாம் வருது.

பதில் 2
அப்போ சந்தேகமே வேண்டாம், ஒரு கோடு முழுசா செத்திருக்கு. உள்ளே மூணு பிளாஸ்டிக் தாள் இருக்கும். மேலும் கீழும் உள்ளதில் வெள்ளி மையில் அச்சடித்த கோடுகள், நடுவில் உள்ளது ஓட்டை போட்ட பிரிப்புத் தாள். சின்ன சர்க்யூட் போர்டு ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கோடு அறுந்தால் அதில் தொங்கும் கீ அத்தனையும் ஊமை.

கழற்றும் முன் யூஎஸ்பியைப் பிடுங்கிடுங்க. பின்னால் உள்ள ஸ்க்ரூவோடு ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒண்ணு ஒளிந்திருக்கலாம், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். அதை விட்டுட்டு நெம்பினால் கிளிப் உடையும். திறந்ததும் தாளின் ஓரத்தில் நாக்கு மாதிரி நீளும் பகுதியைப் பாருங்க. அதைத்தான் ஒரு தகடோ ரப்பர் பட்டையோ போர்டோடு அழுத்திப் பிடிக்குது. டீ பெரும்பாலும் அங்கேதான் போய்க் காயும். ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99% வாங்கி, பஞ்சுக்குச்சியில் தொட்டு இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்க. தேய்த்தால் மை உரிஞ்சிடும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் கிட்டேயே கொண்டுபோகாதீங்க.

பதில் 3
சுத்தம் பண்ணியும் வரலைன்னா மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. இணைப்பு இருந்தால் ஒலிக்கும் பீப் மோடை நம்பாதீங்க; அச்சடித்த கோட்டுக்கே பல ஓம் மின்தடை இருக்கும், நல்ல கோடும் பீப் அடிக்காமல் ஏமாற்றும். 2 கிலோ ஓம் ரேஞ்சில் ஒரு முனையை நாக்கிலும் மறுமுனையை தாளில் கீக்கு நேரே உள்ள வட்டத்திலும் வையுங்க. எண் வந்தால் கோடு உயிரோடு இருக்கு. வரலைன்னா முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்குப் பக்கம் நகர்த்துங்க, எண் வர ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டு. அங்கே வெள்ளி கண்டக்டிவ் பெயின்ட்டை மெல்லிய தூரிகையில் ஒரு கோடு இழுத்து முழுசா காயவிடுங்க. சால்டரிங் ஆகாது, சூடு பட்டதும் தாள் உருகிடும். ஹேர் டிரையரும் வேண்டாம், தாள் சுருண்டுக்கும்.

உண்மையைச் சொன்னால், பெயின்ட் விலைக்குப் புது கீபோர்டே வாங்கிடலாம். முதலில் நாக்கைத் துடைங்க, அதோடு சரியானால் லாபம்.

கேட்டவர்
நாக்கில் பழுப்புக் கறை இருந்தது. துடைத்து மாட்டியதும் 3, ஊ, உ வந்துடுச்சு. ஒ மட்டும் அழுத்திக் குத்தினால்தான் விழுது.

பதில் 2
கோடு சரியாயிடுச்சு. ஒத்தை கீ மட்டும் என்றால் அந்த இடத்துச் சிக்கல்தான். சர்க்கரை பிசுக்கு கீக்கு அடியில் உள்ள ரப்பர் குமிழில் இருக்கலாம், தாள்களுக்கு நடுவிலும் இருக்கலாம். அந்தக் குமிழைப் பக்கத்துக் குமிழோடு அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்க. மந்தமாக எழும்பினால் சோப்புத் தண்ணீரில் கழுவி நல்லா உலர்த்திப் போடுங்க. குமிழ் சரியாக இருந்தால் தாள்களுக்கு நடுவில்தான். தாள்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தால் பிரிக்காதீங்க, ஓரத்தில் இடைவெளி உள்ள பக்கம் ஐபிஏ நனைத்த மெல்லிய துணியை நுழைத்து இழுங்க. ராத்திரி முழுக்க அப்படியே காயவிட்டு, காலையில் மாட்டுங்க.