மறு: ‘மோதல் தவிர்ப்புக் கருவி’: எல்லாவற்றுக்கும் ஒரே பெயரா?

வணக்கம் ஐயா,

> எல்லாவற்றுக்கும் ‘மோதல் தவிர்ப்புக் கருவி’ என்றே போடுவோம். பக்கத்தில் விலை இருந்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

விமானங்கள் நடுவானில் மோதாதிருக்க உதவும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரே தமிழ்ப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓரிரண்டு ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும் ஃபிளார்மையும், பல பத்தாயிரம் டாலர் பிடிக்கும் டிகாஸ் 2ஐயும் ஒரே பெயரில் நிறுத்தினால், மலிவானதே போதும் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

ஃபிளார்ம் 2004இல் சுவிட்சர்லாந்தில் சறுக்கு வானூர்திகளுக்காக வந்தது. அதன் அடிப்படை வடிவம், எதிரே வருவதிலும் ஃபிளார்ம் இருந்தால்தான் பயன்படும். அப்போதும் எச்சரிப்பதோடு சரி. டிகாஸ் 1உம் எச்சரிக்கும், வழி சொல்லாது. டிகாஸ் 2 அப்படியல்ல. மற்ற விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை (கேட்டால் வானொலியில் பதில் அனுப்பும் கருவி) விசாரித்து, ஏறு அல்லது இறங்கு என்று சொல்லும். இருவரிடமும் அது இருந்தால், இரண்டும் தமக்குள் பேசி ஒருவரை மேலேயும் மற்றவரைக் கீழேயும் அனுப்பும். டிகாஸ் 2இன் விலையோடு மோட் எஸ் வகை டிரான்ஸ்பாண்டர், அன்டெனாக்கள், சான்றிதழ், பொருத்தி முடியும்வரை பறக்காமல் நிற்கும் நாட்கள், விமானிகளின் பயிற்சி எல்லாம் சேரும்.

ஆகவே ஃபிளார்மும் டிகாஸ் 1உம் ‘மோதல் எச்சரிப்பி’, டிகாஸ் 2 மட்டும் ‘மோதல் தவிர்ப்பி’. இங்கே சீனக்குடாவில் இறங்கும் செஸ்னா கரவான் என்ற சிறு விமானத்தைப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டு விடயமல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி 5,700 கிலோவுக்கு மேற்பட்ட, அல்லது 19 பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடிய டர்பைன் விமானங்களுக்கே டிகாஸ் 2ஐக் கேட்கிறது. கரவான் அதற்குள் அடங்காது. சிறிய விமானத்துக்கு எதை வாங்குவது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

அப்புறம், டிகாஸ் 2 சொல்லும் ‘ஏறு, இறங்கு’ என்பதற்கு நீங்கள் தந்த ‘தீர்வு ஆலோசனை’ வேண்டவே வேண்டாம். ஆலோசனையை ஏற்கலாம், விடலாம். 2002இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ஒரு ரஷ்ய விமானத்தை டிகாஸ் ஏறச் சொன்னது, தரையிலிருந்த வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். அது இறங்கியது. டிகாஸ் சொன்னபடியே இறங்கிக்கொண்டிருந்த சரக்கு விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் டிகாஸ் சொல்வதையே பின்பற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய விதி. ‘விலகற் பணிப்பு’ என்று வைப்போம். பணிப்பாளர், பணிப்புரை என்று நம் அலுவலகங்களில் புழங்கும் சொல்தான்.

‘விமானமா, வானூர்தியா’ என்பதைத் தனி இழையில் பேசுவோம், ஐயா.

திருகோணமலையிலிருந்து