தங்கை கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வழி சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. என் தங்கைக்கு நான்காம் மாதம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பதாக வந்திருக்கிறது. வி.டி.ஆர்.எல். என்ற அந்த முதல் பரிசோதனை சில சமயம் நோய் இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டும் என்பதால் டி.பி.எச்.ஏ. பரிசோதனையும் எடுத்தார்கள். அதுவும் உறுதி செய்துவிட்டது. "எனக்கு ஒரு புண்ணும் வந்ததில்லையே அக்கா" என்று அந்தச் சீட்டை எட்டாக மடித்துக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு அழுகிறாள். வலியே இல்லாத புண் வந்து தானாக ஆறிவிடுமாம்; கிருமி மட்டும் உள்ளேயே இருக்குமாம்.

சரி, அவளுக்குப் பென்சிலின் ஊசி போட்டாயிற்று. குழந்தை வயிற்றிலேயே இறப்பதையும் நோயோடு பிறப்பதையும் இந்த ஊசியால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது கவலையெல்லாம் மாப்பிள்ளையை நினைத்துத்தான். லாரி ஓட்டுகிறார். "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார். அவரும் சிகிச்சை எடுக்காவிட்டால் அவளுக்குத் திரும்பவும் தொற்றும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை சேரக்கூடாது என்பதை நான் எப்படிச் சொல்வேன்? யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கிளற எனக்கு விருப்பமில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்று இருக்கும் சுகவாழ்வு மையத்தில் இலவசமாகவும் ரகசியமாகவும் பார்க்கிறார்கள். அங்கே கணவரை அழைத்துப் போனவர்கள் இருந்தால், பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணில் அவரையே பேச வைக்கலாமா? மதுரைப் பக்கம் ஆண் ஆலோசகர் யாராவது இருக்கிறார்களா? வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறார், அதற்குள் சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.