ஜெர்மனி போவதற்கு முன்: மூன்று காடிகளும் கேட்டு வந்தவர்களும்

2025 தொடக்கத்தில் மலேசியாவின் சிலிம் ரிவரில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று காடிகள், அதாவது கார்கள், நின்றன. அப்பாவின் 1986ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா, நான் வேலைக்கு ஓட்டும் பெரோடுவா கஞ்சில், என் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கிய புரோட்டோன் வீரா. ரோட் டேக்ஸ் மூன்றுக்கும் சேர்த்தே 180 வெள்ளிதான் (ரிங்கிட்). கஞ்சில் 660 சிசி, அதற்கு 20. சாகா 1.3, அதற்கு 70. வீரா 1.5, அதற்கு 90. செலவு இழுப்பது இன்சூரன்சும் டயரும் உதிரிபாகமும்.

அக்டோபரில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் வாகனப் பொறியியல் மாஸ்டர் படிப்பு தொடங்குகிறது. அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் மாணவர் விசாவுக்கு, ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அதை நமக்கே திருப்பித் தருவார்கள். நம் காசில் ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல். சேமிப்பு, அண்ணன் கொடுத்தது, அம்மாவின் கூத்து (சீட்டு) பணம் எல்லாம் சேர்த்தும் இடித்தது. ஆக, காடிகள் போகவேண்டும். எது, யாரிடம் என்பதுதான் கேள்வி.

அதுவரை எப்படிச் சமாளித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும். வாரநாட்களில் தஞ்சோங் மாலிம், புரோட்டோன் சிட்டி பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தரப் பரிசோதனைப் பிரிவு. பழைய சாலையில் பேராங் வழியாகப் போவேன். 1942 ஜனவரி 7ஆம் தேதி துரோலாக்கிலிருந்து ஜப்பானிய டாங்கிகள் இறங்கி வந்த அதே சாலை; இன்று அதில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை லாரிகள் ஓடுகின்றன. வேலைக்குக் கஞ்சில்தான். கூட வரும் இரண்டு அக்காமார்கள் பெட்ரோலுக்குப் பங்கு கொடுப்பார்கள். சனிக்கிழமை பட்டணத்தில் ஒரு அங்கிளின் பட்டறையில் கைவேலை, அன்றைக்கு வீரா. ஞாயிறு கோயிலுக்கு அப்பாவோடு சாகா. மூன்றும் வாரத்துக்கு ஒருமுறையாவது சூடாகவேண்டும் என்பது நான் வைத்திருந்த கணக்கு. எஞ்சின் எண்ணெய் மேலே ஏறி எல்லாப் பாகத்திலும் படியவேண்டும், பேட்டரி ஏறவேண்டும், பிரேக் ஒருமுறையாவது அழுத்தப்படவேண்டும். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் இது எதுவும் ஒழுங்காக நடக்காது. சைலன்சருக்குள் ஈரம் தங்குவதுதான் மிச்சம்.

முதலில் சொல்லவேண்டிய ஆள் காடி வாங்க வந்தவர் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பேராங் தாண்டி கஞ்சிலின் சூட்டு முள் ஏறியது. ஓரம் கட்டினேன். ரேடியேட்டரின் மேல் குழாய் கிளிப் ஓரத்தில் பிளந்து ஆவி அடித்துக்கொண்டிருந்தது. அக்காமார்கள் இருவரும் பயந்துபோனார்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் வந்த பங்களாதேஷ்காரர் நிறுத்தினார், பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். டாக்காவில் ஆட்டோ ஓட்டியவராம். மூடியைத் தொடாதே என்று எனக்குச் சைகை காட்டினார், நானும் அதையேதான் அக்காமார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறும்வரை மூவரிடமும் ஊர்க்கதை கேட்டார். அப்புறம் தன் கத்தியால் பிளந்த முனையை விரல் அகலத்துக்கு நேராக வெட்டி எடுத்தார், மிச்சக் குழாயை இழுத்து மாட்டினோம், கிளிப்பை நான் முறுக்கினேன். அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர், எங்கள் புட்டித் தண்ணீர் எல்லாம் உள்ளே போயிற்று. அழுத்தம் ஏறாமல் இருக்க மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து மெதுவாக வீடு வந்தோம்.

காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்கே உன் ஊர் ஆள் யாராவது இருக்கிறார்களா?" இல்லை என்றேன். போன உடனே யாரையாவது பிடித்துக்கொள், முதல் வருஷம் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். விசா, கணக்கு, படிவம் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. மறுநாளே ஆஹனில் இருக்கும் மலேசிய மாணவர்களைத் தேடிப் பிடித்தேன். நம் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களை நிமிர்ந்து பார்க்காமல் போகிறவர்கள் நம்மிலேயே உண்டு. நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்து இறங்கியதும் இந்த வேலைக்குத்தான்.

வீராவை வாங்க பீடோரிலிருந்து ஒரு தம்பி வந்தான், கூடவே அவன் அம்மா. தம்பிக்குத் தேவையானது எல்லாம் அதில் இருந்தது. பின்சக்கரத்துக்கு டிரம் எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருந்தேன், சஸ்பென்ஷன் மாற்றியிருந்தேன், கியர் விழுவது வெண்ணெயாக விழும். அவன் பானெட்டைத் திறந்ததுமே 1.8 எஞ்சின் இறக்கலாமா என்று தொடங்கிவிட்டான். இறக்கலாம், ஆனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி, வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பார்த்து, கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றிதழ்) எஞ்சின் நம்பரை மாற்றவேண்டும்; அதைச் செய்யாமல் இறக்கினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும் என்று சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அம்மா மட்டும் நான் சொல்வதைக் கூர்ந்து கேட்டார்.

"நீ ஓட்டு தங்கச்சி, நான் உக்காந்து பாக்குறேன்," என்றார். மகனைப் பின்னால் உட்காரவைத்து, அவர் முன்சீட்டில் ஏறினார். சுங்காய் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனோம். லாரிக்குப் பின்னால் வந்ததும், "இப்ப பிரேக் போடு" என்றார். போட்டேன். காடி நேராக நின்றது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. திரும்பி வரும்வரை பேசவில்லை. இறங்கியபின், இவன் அப்பா மோட்டார் விபத்தில்தான் போனார் என்று மட்டும் சொன்னார். காடியைப் பற்றி அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, விலையையும் அதிகம் பேரம் பேசவில்லை. கேட்டதற்கு நானாகக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, புது பிரேக் பேட் ஒரு ஜோடியும் பெட்டியோடு கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் பி5 பரிசோதனை, பெயர் மாற்றம் எல்லாம் அடுத்த வாரமே முடிந்தது. என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாதவர்களுக்குக் கிடைக்கும் இன்சூரன்ஸ் கழிவு பற்றி ஒரு வார்த்தை: அது காடியோடு போவதில்லை, நம்மோடு இருக்கும். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் 55 விழுக்காடு சேர்த்தவர்கள் விற்கும் அவசரத்தில் அதை மறந்துவிடாதீர்கள், உங்கள் பெயரில் உள்ள இன்னொரு காடிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சாகாவுக்கு வருவோம். அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகவேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை போகாது. அதனால் மழை, திருவிழா எதுவும் அவருக்கு லீவு கிடையாது. அந்தச் சம்பளத்தில் பழசாக வாங்கிய சாகா அது. சாகா முதன்முதலில் வெளிவந்தது 1985 ஜூலையில். எங்களுடையது அதற்கு அடுத்த ஆண்டு வண்டி, மிட்சுபிஷியின் 4ஜி13 எஞ்சின், கார்புரேட்டர். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிரசவ வலி எடுத்த பெண்கள் பலரை மருத்துவமனைக்கு ஏற்றிப்போன காடி. அப்பா ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது எங்கள் தட்டுமுட்டுச் சாமான் வந்ததும் அதில்தான்.

முதல் சாகாக்களுக்கு இப்போது சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார், நம்மவர்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவோரம், சக்கர வளைவு என்று வைத்து வைத்துப் பார்த்தார். தகடு துருத்து மாவு பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனை எனக்குப் பிடித்தது. பிடிக்காதது, நான் பக்கத்திலேயே நிற்க, "அப்பாவைக் கூப்பிடும்மா, காடி பத்திப் பேசணும்" என்றது. இந்தக் காடியின் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் அடைப்பு எடுப்பது கல்லூரிக் காலத்திலிருந்தே நான்தான். 1888இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப்போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் காடிப் பயணத்தில் பழுது பார்த்தது ஒரு பெண். இதை அவரிடமே சொன்னேன். கொஞ்சம் நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கேள்விகளை என்னிடமே கேட்டார், ஒழுங்காகவும் கேட்டார்.

நல்ல விலை சொன்னார். முடக்கக் கணக்கில் இருந்த ஓட்டையை அது ஏறக்குறைய அடைத்துவிடும். ஆனால் வாங்கி என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, கூடாரத்தில் வைப்பேன், கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிப் போவேன், சாலையில் இறக்கமாட்டேன் என்றார். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு: ஓடாத காடி கெட்டுப்போகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே சிலிண்டர் துருப்பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தே விட்டால் பின்சக்கர டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசின் கட்டும். டைமிங் பெல்ட்டுக்கு மைல் மட்டும் கணக்கில்லை, ஆண்டும் கணக்கு. ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் விறைத்துப்போகும், பால் மரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா? இவற்றோடு எலி. செம்பனைப் பக்கம் வீடு இருந்தால் எலித் தொல்லை எப்படி என்று தெரியும், அதற்காகத்தானே தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைக்கிறார்கள். நின்ற காடியின் வயரை ஓர் இரவில் கடித்துவிடும். இரண்டு ஆண்டு நான் இல்லாமல், மூட்டு வலியோடு இருக்கும் அப்பா அதை எப்படிப் பார்த்துக்கொள்வார்?

அப்போதுதான் அப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்தார். அதே தோட்டத்தில் லாரி ஓட்டியவர், எழுபதை நெருங்குகிறார், லைசென்ஸ் சரியாக இருக்கிறது. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காந்தம் எதுவும் கொண்டுவரவில்லை. சாவியை வாங்கி, ஆக்சிலேட்டரை ஒருமுறை முழுசா மிதித்துவிட்டுத் திருப்பினார். அந்த எஞ்சினுக்கு அப்படித்தான் செய்யவேண்டும், யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். "வால்வு கொஞ்சம் சத்தம் போடுது, டைட் வைக்கணும்," என்றார். அந்தச் சனிக்கிழமை நான் வைத்திருந்த வேலையே அதுதான்.

பேசி முடித்தது இப்படி. காடி அப்பா பெயரிலேயே இருக்கும். மாமா வாரத்தில் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டுவார், அப்பா கூடப் போவார். பெட்ரோலும் எண்ணெய் மாற்றமும் மாமாவுடையது, ரோட் டேக்சும் இன்சூரன்சும் எங்களுடையது. இன்சூரன்சில் ஓட்டுநராக மாமா பெயரையும் சேர்த்துவிட்டோம், இதை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பெல்ட், குழாய்கள், பிரேக் எண்ணெய் எல்லாம் புதிதாக மாற்றி, எதை எப்போது மாற்றவேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் வைத்தேன். விலை சொல்லிப் போனவருக்கு நானே போன் செய்து சொன்னேன். கோபப்படவில்லை. பீங்கான்போல் வைத்துக்கொள்ள நினைத்தேன், ஓட்டுங்கள் என்றார், முன்பக்க விளக்குக் கண்ணாடி ஒன்று தேவைப்பட்டால் தன்னிடம் இருக்கிறது என்றார்.

கணக்கில் குறைந்த பணத்துக்கு அண்ணன் தன் யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். என்னிடம் கேட்கவேயில்லை, விற்ற பிறகுதான் தெரியும். அதைப் பற்றி இப்போதைக்கு என்னால் அதிகம் எழுத முடியவில்லை.

கஞ்சில் இன்னும் வாசலில் நிற்கிறது. மூன்று பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. தங்கச்சி பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டாள், ஓட்டும் பள்ளியில் எல் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். ஆட்டோ கியர் காடிக்கான டிஏ லைசென்ஸ் போதும் என்று அம்மா சொல்கிறார், மேனுவல் எடுக்கட்டும் என்று நான் நிற்கிறேன், அவளும் அதையே கேட்கிறாள். பள்ளியில் அவள் கிளட்ச் பழகிக்கொண்டிருக்க, வீட்டில் நான் சக்கரம் மாற்றவும் எண்ணெய்க் குச்சி பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். ரேடியேட்டர் குழாய் கிளிப்பை எங்கே, எவ்வளவு முறுக்கவேண்டும் என்பது நேற்றைய பாடம். அடுத்த மாதம் அவளுக்கு ஜேபிஜே டெஸ்ட், எனக்கு அதற்கடுத்த வாரம் விமானம்.