போல் லோரி 1999இல வென்றது வெறும் அதிஷ்டமோ?

குளத்தடி (கிளிநொச்சி):
பாடசாலை விளையாட்டுப் பலகையில கிழமைக்கு ஒரு வீரர் பற்றி எழுதுறம். இந்தமுறை 1999இல ‘தி ஓப்பன்’ கோல்ஃப் போட்டியை வென்ற ஸ்கொட்லாந்தின் போல் லோரி. பார்க்கிற இடமெல்லாம் ‘முன்னுக்கு நிண்ட பிரான்ஸ் வீரர் வான் டி வெல்ட் சொதப்பினார், கிண்ணம் இவருக்குக் கிடைச்சது’ எண்டுதான் கிடக்கு. கடைசி நாள் தொடங்கேக்க, பந்தை அடிக்கிற கணக்கில 10 அடி பின்னால நிண்ட ஆள் எப்படி வென்றவர்? இஞ்ச பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் தெரியும். கிட்டத்தில கோல்ஃப் பார்க்கிறதெண்டாலும் திருகோணமலை சீனன்குடாவுக்குத்தான் போகவேணும். கணக்கோட சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
முதல்ல, பந்தைக் குழிகளுக்குள்ள போட ஆகக் குறைய அடி எடுத்தவர்தான் வெல்லுவார் எண்டதைப் போடுங்கோ. நாலு நாள், நாளுக்கு 18 குழி. லோரி 73, 74, 76, 67, மொத்தம் 290. வான் டி வெல்ட் 75, 68, 70, 77, அதுவும் 290. அமெரிக்காவின்ர ஜஸ்டின் லெனர்ட் 73, 74, 71, 72, அவரும் 290. மூண்டாம் நாள் முடிய லோரி 223, வான் டி வெல்ட் 213. உங்கட 10 இதுதான்.

போட்டி நடந்த கார்னூஸ்டி மைதானத்தின்ர பார், அதாவது நல்ல ஆட்டக்காரர் 18 குழியும் முடிக்க எடுக்கவேண்டிய அடி, 71. அந்த வருசம் பாதை ஒடுக்கம், ஓரப்புல் உயரம், போதாததுக்குக் காற்று. முன்னுக்கு நிண்டவையே பாரைவிட 6 கூட. அந்த இடத்தில கடைசி நாள் 67 அடிச்சதை ஆரும் தூக்கிக் குடுக்கேல்லை. உலக வரிசையில 159ஆவது ஆள், தகுதிச்சுற்று ஆடி உள்ள வந்தவர்.

கனகராயன்:
கடைசிக் குழி பார் 4. வான் டி வெல்ட் 6 அடிச்சிருந்தாலே கிண்ணம் அவருக்கு. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில பட்டுத் திரும்பிப் புல்லுக்குள்ள விழுந்தது. மூண்டாவது, மைதானத்துக்குள்ளால ஓடுற பாரி எண்ட வாய்க்கால் தண்ணிக்குள்ள. தண்டனை அடியோட வெளியில பந்தைப் போட்டு அடிக்க, அது மணல் குழிக்குள்ள. முடிவில 7. பாதுகாப்பா ஆடவேண்டிய இடத்தில தூரத்துக்கு ஆசைப்பட்டதுதான் பிழை.

ஆனா அதோட போட்டி முடியேல்லை. மூண்டு பேரும் 290இல சமன் எண்டதால 15ஆவது தொடக்கம் 18ஆவது வரை நாலு குழி மேலதிகமா ஆடினவை. லோரி 5, 4, 3, 3. கடைசி இரண்டும் பேர்டி, அதாவது பாரைவிட ஒரு அடி குறைவு. மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு 18 அடி, இவர் 15. பலகையில பெருசா எழுதவேண்டியது இந்த 15தான். இப்ப ஓப்பனில மேலதிகம் மூண்டு குழி, பிள்ளைகள் குழம்பாமல் பாருங்கோ.

மாங்குளத்தான்:
அதிஷ்டக்காரர் எண்டால் பிறகு காணாமல் போயிருக்கவேணும். ஐரோப்பியச் சுற்றில மொத்தம் எட்டு வெற்றி. 2001இல டன்ஹில் லிங்க்ஸ், 2002இல வேல்ஸ் ஓப்பன். பிறகு நீண்ட வறட்சி எண்டது உண்மைதான். 2011இல அண்டலூசியா, 2012இல கட்டார், கிளெனீகிள்ஸ். 43 வயதில திரும்ப, ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுற ரைடர் கிண்ணத்துக்கான ஐரோப்பிய அணிக்குள்ள வந்து, அமெரிக்காவில இருக்கிற மெடினா மைதானத்தில அந்த நாட்டு பிராண்ட் ஸ்னெடெக்கரை 5க்கு 3 எண்டு அடிச்சார். அந்த மீள்வரவை விட்டிட்டு எழுதினால் கட்டுரை அரைவாசிதான்.

குளத்தடி:
5க்கு 3 எண்டால்? 3 அடி வித்தியாசமோ?

கனகராயன்:
இல்லை. அது குழிக்குக் குழி வெல்லுற ஆட்டம், மொத்த அடி கணக்கில்லை. லோரி 5 குழி முன்னுக்கு, மிச்சம் 3 குழிதான். எதிராளி மூண்டையும் எடுத்தாலும் எட்டமாட்டார். அதால 15ஆவது குழியோட ஆட்டம் முடிஞ்சுது.