கொட்டலசுத் தொல்லை: புதுப்பிப்பு

ஆவணியில் புலம்பியிருந்தேன், நினைவிருக்கும். யாழ்ப்பாணம் குருநகரில் கட்டி வைத்த ஃபைபர் படகு முழு வேகம் கொடுத்தும் இழுக்கவில்லை, அடியில் பாசி, புரொப்பலர் முழுக்கக் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிரி) என்று. இவை ஒட்டாமலிருக்கச் செப்புப் பெயின்ற் அடிக்கச் சொன்னீர்கள்.

அடித்தேன். படகின் அடிக்கு அது நல்ல வேலை செய்கிறது. இறக்கிப் பத்துக் கிழமை, மெல்லிய வழுவழுப்பு மட்டும்தான்; ஸ்பொஞ்சால் துடைத்தால் போகிறது. கம்பித் தும்பு போட்டால் பெயின்றும் சேர்ந்து உரிந்துவிடும், கவனம்.

எஞ்சின் காலுக்கும், அதாவது எஞ்சினின் தண்ணீருக்குள் நிற்கும் அலுமினியப் பகுதிக்கும், அதையே அடித்ததுதான் என் மடத்தனம். அலுமினியத்தின் மேல் செப்பு, சுற்றிவர உப்புத்தண்ணீர். பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். வீங்கியிருந்த ஒரு இடத்தை நகத்தால் கிள்ளினேன். உள்ளே வெள்ளை மா, அதன் கீழே மிளகளவு குழி. போதாததற்கு காலில் பூட்டியிருக்கும் நாகக் (துத்தநாகக்) கட்டியின் மேலும் பூசியிருந்தேன். தான் கரைந்து எஞ்சினைக் காக்க வேண்டிய கட்டி பெயின்றுக்குள் சும்மா கிடந்தது!

பாசையூர் அண்ணை ஒருவர் பார்த்துச் சிரித்தார். "தம்பி, கரைக்கு வந்தா எஞ்சினைத் தூக்கி வை. காய்ஞ்சு கிடந்தா எது ஒட்டும்?"

சரி, இப்போது அப்படியே தூக்கி வைக்கிறேன். காலைச் சுரண்டி ப்ரைமர் அடித்து, புது நாகக் கட்டி போட்டாயிற்று. புரொப்பலரில் கொட்டலசு விட்டுப்போன வெள்ளை வட்டங்கள் வெறும் சுண்ணாம்புதான். வினாகிரி நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தேன், பிளாஸ்டிக் சுரண்டிக்கே கழன்றன. அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவினேன். குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.